ஒன்பது மணி ஒன்பது நிமிஷம்

வாங்க சார், இப்படி உக்காருங்க. ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க, எனக்கு வேணாம். ஜன்னலோரம் உக்காந்தா காத்து வரும், காத்து வந்தா தூக்கம் வரும், தூக்கம் வந்தா என் பொழப்பு போயிடும். அந்தப் பொட்டிய மடியிலயே வெச்சிருக்கீங்களே, மேல போட்டுடுங்களேன். வேணாமா? ஒடையற சாமானா இருக்கும். சரி, உங்க இஷ்டம்.

எங்க எறங்கணும் நீங்க? இருங்க, அதுக்கு முன்னாடி டைம் என்னன்னு பாத்துச் சொல்லுங்க. ஆறு அம்பத்தி மூணா? பாத்தீங்களா. ஆறு அம்பதுக்கு எடுக்க வேண்டிய வண்டி சார் இது. இந்தக் கண்டக்டர் செபாஸ்டின் இருக்காரே, நல்ல மனுஷன், ஆனா நேரம்னா என்னன்னு தெரியாது. தினம் மூணு நிமிஷம் லேட்டு. நான் ஏறினப்பறம்தான் விசிலே ஊதுவாரு. ஒரு நாள் கேட்டே புட்டேன், "அண்ணே, வண்டின்னா டயத்துக்கு எடுக்க வேணாமா?"ன்னு. என்னை ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. உண்மையச் சொன்னா யாருக்குத்தான் பிடிக்குது.

அதோ, வண்டிக்கு முன்னாடியிருந்து ஒதுங்கிப் போகுதே ஊதாச் சேலை, அதான் என் சம்சாரம். அம்சவல்லி. தினம் வந்து வழியனுப்புவா. எனக்கு முன்னாடியே ஸ்டாண்டுக்கு வந்து, சரியா வண்டிக்கு எதிர்க்க நின்னுகிட்டு டிரைவர்கிட்ட ஏதாச்சும் பேசிகிட்டிருப்பா. நான் தலையத் தொவட்டிகிட்டே ஓடிவந்து ஏறினப்பறம்தான் நகருவா. கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் சார். இவ்வளவு பாசத்த எங்க ஒளிச்சு வெச்சிருந்தான்னே தெரியல.

நான் மருதையன். பூவாலங்குறிச்சி உயர்நிலைப் பள்ளிக்கூடத்துல ஆபீஸ் உதவியாளர். பியூனும்பாங்க, சொல்லிட்டுப் போகட்டும். ஆனா என் உண்மையான வேல மணி அடிக்கிறது. பத்தொன்பது வருஷமா அந்த மணி என் கையில இருக்கு. கோயில் மணி மாதிரி நெனச்சுக்காதீங்க. ரெண்டடி தண்டவாளத் துண்டு. புங்க மரத்துல சங்கிலி போட்டுத் தொங்கும். இரும்புக் கம்பியால அடிச்சா ஊர் எல்ல வரைக்கும் கேக்கும். எல்லாரும் அடிச்சிட முடியாது. ஓரத்துல அடிச்சா தகரமாட்டம் கத்தும். நடுவுல அடிச்சா மொத்தையா விழும். கீழேருந்து நாலு விரக்கட விட்டு அடிக்கணும். அந்தச் சூட்சுமம் எனக்கு மட்டும்தான் தெரியும், இப்ப உங்களுக்கும் சொல்லிட்டேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, மனுஷன் மாற முடியாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க சார். மாறலாம். எந்த வயசுலயும் மாறலாம். எடத்த மாத்தினாப் போதும், ஆளு தானா மாறிடுவான். அதுக்கு நானே சாட்சி. எனக்கு நாப்பத்தெட்டு வயசு. போன செப்டம்பர் வரைக்கும் இருந்த மருதையனும், உங்க பக்கத்துல உக்காந்திருக்கற மருதையனும் வேற வேற ஆளு.

முன்னாடி என் வீடு எங்க இருந்துச்சு தெரியுமா? பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்குப் பின்னாடி. சுவத்துக்கு அந்தப் பக்கம் புங்க மரம், இந்தப் பக்கம் என் கட்டில். அவ்வளவுதான் தூரம். தூரத்துல இருக்கறவன் பயந்துகிட்டே கிளம்புவான். பக்கத்துல இருக்கறவனுக்கு என்ன பயம்? எட்டரைக்குக் கண்ணத் தொறப்பேன். இன்னும் அரை மணி நேரம் இருக்கேன்னு திரும்பிப் படுப்பேன். அப்பறம் இட்லி. இதோ இருக்குற பள்ளிக்கூடம்தானேன்னு இன்னும் ரெண்டு இட்லி. ஒன்பது அஞ்சுக்கு அரியலூர்லேருந்து வர்ற பஸ்ஸு வாசல்ல பிரேக் போடும் பாருங்க, கிறீச்சுன்னு, அப்பத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போடும். சட்டைய மாட்டி, கம்பியத் தேடி எடுத்து, சுவத்தச் சுத்தி ஓடி, மரத்தடிக்குப் போறப்ப ஒன்பது ஒன்பது. தினம் ஒன்பது ஒன்பது. ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆகாது. லேட்டுலயும் ஒரு ஒழுங்கு இருந்துச்சு சார் என்கிட்ட. அதையும் சொல்லணும்ல.

சாயங்காலம் வீட்டுக்கு விடற மணி? அது டாண்ணு அடிச்சிடுவேன். அதுல யாரும் கொற சொல்ல முடியாது.

இதுல வேடிக்க என்னன்னா, என் மணி லேட்டுன்னு ஊருக்கே தெரியாது. கையில போன் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. போன் ஒரு டைம் காட்டும், ஆனா எங்க ஊருக்கு என் மணிதான் டைம். போன்ல ஒன்பதுன்னு காட்டினாலும், "இன்னும் மணி அடிக்கலையே"ன்னு புள்ளைக்கு நிதானமா சட பின்னிகிட்டிருப்பாங்க. பவுனம்மா கடையில கடைசி ஈடு இட்லி எடுக்கறதே என் மணிக்குத்தான். எங்க பெரிய டீச்சர், அதான் தலைமையாசிரியை சௌந்தரவல்லி அம்மா, உள்ளூருதான். அவங்க வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாத்தினா, என் மணியக் கேட்டுத்தான் முள்ள நகத்துவாங்க. ஊரே சேந்து ஒன்பது நிமிஷம் பின்தங்கி ஓடிகிட்டிருந்துச்சு. யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல.

டிக்கெட் எடுத்துட்டீங்கள்ல? செபாஸ்டின் அண்ணே, இவரு எடுத்துட்டாரு.

எங்க விட்டேன்... ஆங். போன ஆகஸ்ட்டுல கல்வி ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா திடீர்னு ஆய்வுக்கு வந்துட்டாங்க. எட்டு அம்பதுக்கே வந்து மரத்தடியில நின்னிருக்காங்க. எனக்கு எப்படித் தெரியும்? நான் வழக்கம்போல ஓடிவந்து, யாரோ புள்ளைய விட வந்த அம்மான்னு நெனச்சு, "தள்ளி நில்லும்மா, காது போயிடும்"னுட்டு அடிச்சேன். அவங்க வாட்சப் பாத்தாங்க. மணியப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. பார்வையாளர் புத்தகத்துல எழுதிட்டுப் போயிட்டாங்க: பள்ளி ஒன்பது நிமிடம் தாமதமாகத் தொடங்குகிறதுன்னு.

அன்னிக்கி ஆரம்பிச்சுது. கிளார்க்கு ஞானசேகரு வெளியூர்லேருந்து வர்றவரு, அவரு வாட்ச் சரியா இருக்கும். தினம் நான் வர்ற டைமப் பதிவேட்டுல அவரக் குறிக்கச் சொல்லிட்டாங்க. லேட்டு ஆனா செகப்பு மை. ரெண்டு மாசத்துல முப்பத்தோரு நாள் செகப்பு மை சார். தினம் என்னைக் கூப்புட்டு ஏன் லேட்டுன்னு எழுதி வாங்கினாங்க. முப்பத்தோரு நாளுக்கு முப்பத்தோரு காரணம் எழுதினேன். ஒண்ணக்கூட ரெண்டாவது தடவ எழுதினதில்ல. அதுல ஒரு பெரும எனக்கு. சரி, எழுதி வாங்கின பெரிய டீச்சர் எத்தன மணிக்கு வருவாங்கன்னு கேளுங்க. ஒன்பது பன்னண்டுக்கு! மணி தப்புன்னு தெரிஞ்ச அம்மாவுக்கு, அந்த மணியக் கேட்டு வெச்ச தன் வீட்டுக் கடிகாரமும் தப்பா இருக்குமேன்னு தோணல. படிச்சவங்க, நாம என்ன சொல்றது.

தாளாளர் ஐயா கூப்புட்டாரு. அவருதான் பள்ளிக்கூடத்துக்கு எல்லாம். "மருதையா, பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இன்னொரு செகப்பு மை விழுந்துச்சுன்னா, கரண்டு மணி வாங்கி மாட்டிடுவேன். அதுவா அடிக்கும், அதுவா நிக்கும். நீ பைலு தூக்கினாப் போதும்"னாரு.

அத மட்டும் என்னால தாங்க முடியல சார். சிரிக்காதீங்க. வேல போகாது, சம்பளம் கொறையாது, அது எனக்கும் தெரியும். ஆனா நீங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் நான் எடுபிடி. சாக்பீஸ் கொண்டா, டீ வாங்கியா, அந்த பெஞ்சத் தூக்குன்னு சொல்றவங்கதான் எல்லாரும். நான் ஒன்பதாவதோட நின்னவன். ஆனா நான் கம்பிய ஓங்கி அடிச்சேன்னா, கணக்கு சார் போர்டுல பாதிக் கணக்குல கைய நிறுத்துவாரு. பெரிய டீச்சர் திட்டிகிட்டிருந்தாலும் பாதியில நிப்பாட்டுவாங்க. நானூறு புள்ளைங்க ஒண்ணா எந்திரிக்கும். அந்த ஒரு நிமிஷம் பள்ளிக்கூடம் என்னுது சார். அதப் போயி செவுத்துல மாட்டின மிஷினு செய்யும்னா எப்படி?

திருந்தறதுன்னு முடிவு பண்ணினேன். போன்ல அலாரம் வெச்சேன். தூக்கத்துலயே அணைக்கக் கத்துகிட்டேன். அம்சவல்லி தண்ணி தெளிச்சுப் பாத்தா. மழைன்னு போர்வைய இழுத்துப் போத்திகிட்டேன். ஒண்ணும் நடக்கல.

அப்பத்தான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு, வீட்ட மாத்தறதுன்னு. முழுக்க என் யோசனைதான். எப்படி வந்துச்சுன்னா, ஒரு நாள் அம்சவல்லி சொன்னா, "இந்த வீட்டுல இருக்கற வரைக்கும் நீங்க உருப்பட மாட்டீங்க, பெரம்பலூர் போயிடலாம், அங்க எங்க அக்கா இருக்கா"ன்னு. நான் ஒரே போடா முடியாதுன்னுட்டேன். "முப்பத்தெட்டு கிலோமீட்டர்டி. ஒன்பது மணிக்குள்ள வர்றதுக்கு ஒரே ஒரு பஸ்ஸுதான் இருக்கு. அத விட்டா அடுத்தது ஒன்பதே முக்காலுக்குத்தான் போய்ச் சேரும். எதுக்கு அங்க போகணும்?"னேன். "அதுக்குத்தான்"னா. நாலு நாள் நல்லா யோசிச்சேன். அஞ்சாவது நாள் நானே முடிவுக்கு வந்து அவளக் கூப்புட்டு, "இந்தா பாரு, பெரம்பலூர் போயிடலாம்னு எனக்குத் தோணுது"ன்னு சொன்னேன். அவ மறுத்து ஒரு வார்த்த பேசலையே. போயிப் பாத்தா பாத்திரமெல்லாம் ஏற்கெனவே மூட்டையாக் கட்டியிருக்கு. அக்கா வீட்டுக்குப் பக்கத்துல வீடும் பாத்தாச்சாம். ஆம்பள ஒரு முடிவு எடுத்துட்டா, வீட்டுல இருக்கறவங்க இப்படித்தான் சார் ஒத்துழைக்கணும்.

காலாண்டு லீவுல மாறினோம். புது வீடு ராசியான வீடு. முன்ரூம்புலதான் என் கட்டில். ஜன்னலுக்கு வெளிய குழாயடி. அஞ்சு மணிக்குத் தண்ணி வரும். வந்துச்சுன்னா இருபது குடம், இருபது வாய். பொணமே எந்திரிச்சு உக்காந்துடும். உள்ள அமைதியா ஒரு ரூம் இருக்கு, அங்க போடுன்னா, அம்சவல்லி வாஸ்து சரியில்லைங்கறா. அவளுக்கு எப்பலேருந்து வாஸ்து தெரியும்னு தெரியல. அப்பறம் அந்த வீட்டுல ஒரு கடிகாரம், அவ அக்கா வாங்கிக் குடுத்தது. கால் மணி நேரம் வேகமா ஓடுது. சரி பண்றேன்னு ஸ்டூல் போட்டு ஏறினா, கைய வெக்கக் கூடாதுன்னு சத்தம் போடறா. அக்கா குடுத்ததாம், அப்படியே இருக்கட்டுமாம். பொம்பளைங்களுக்குப் பொறந்த வீட்டு சாமான்னா அவ்வளவு பிரியம்.

அவளும் சும்மா இல்ல. ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனிக்குப் போறா. வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவா, பொழுது போகட்டுமேன்னு நான்தான் விட்டேன். மூணு மாசத்துல பதினெட்டு பேருக்கு மேல சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்களாம். ஸ்கூட்டி ஓட்டக் கத்துகிட்டா. பஸ் ஸ்டாண்டுலேருந்து நேரா கம்பெனிக்கு அதுலதான் போவா. ஆனா பாருங்க, எடம் மாறியும் அவ அப்படியேதான் இருக்கா. என்னை மாதிரி மாறல.

இது என்ன ஸ்டாப்பு? குன்னமா? சரி, நேரம் இருக்கு. பொட்டி கனமா இல்லையே? கால் மரத்துப் போனா சொல்லுங்க, கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறேன்.

வண்டி எட்டு இருபத்தஞ்சுக்குப் போய்ச் சேரும் சார். ஒன்பது மணி வரைக்கும் என்ன பண்றது? முதல் வாரம் புங்க மரத்தடியில சும்மா உக்காந்திருந்தேன். பைத்தியம் பிடிச்சிடும் போல இருந்துச்சு. அப்பறம் மரத்துக்குத் தண்ணி ஊத்தினேன். அப்பறம் லைப்ரரி ரூம்பத் தொறந்து பேப்பர் படிச்சேன். பேப்பர் தீந்து போனா புஸ்தகம். பதினாலு புஸ்தகம் முடிச்சிருக்கேன். பாதி புரியல, ஆனா முடிச்சிருக்கேன். முன்னெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் பின்னாடி சீட்டாட்டம் ஓடும். ராத்திரி எட்டாகும் எந்திரிக்க. இப்ப அஞ்சு மணி பஸ்ஸ விட்டா வீடு போக முடியாது, அதனால சீட்டத் தொட்டு மூணு மாசம் ஆச்சு. விடணும்னு நெனச்சே விடல சார். அது இருந்த எடத்துல நான் இல்ல, அவ்வளவுதான்.

சரி, முதல் நாள் கதையச் சொல்றேன் கேளுங்க.

அக்டோபர் மாசம், காலாண்டு லீவு முடிஞ்சு முதல் நாள். எட்டு அம்பதுலேருந்து கம்பியோட நிக்கிறேன். சரியா ஒன்பது. அடிச்சேன் சார். நாலு விரக்கட விட்டு, கணீர்னு. பத்தொன்பது வருஷத்துல முத முறையா ஒன்பது மணிக்கு ஒன்பது மணி.

ஒருத்தரக் காணோம்.

கிளார்க்கு மட்டும் எட்டிப் பாத்தாரு. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ரெண்டு நிமிஷத்துல பாருங்க, ஊரே தெருவுக்கு வந்துடுச்சு. எங்க ஊருல நேரம் கெட்ட நேரத்துல பள்ளிக்கூட மணி அடிச்சா, யாரோ பெரிய மனுஷன் போயிட்டாரு, பள்ளிக்கூடம் லீவுன்னு அர்த்தம். டீக்கடை ராவுத்தர் ஓடி வராரு, "மருதையா, யாருப்பா?"ன்னு. பல் வெளக்குற வாயோட நாலு பொடியனுங்க லீவு லீவுன்னு குதிக்குதுங்க. பவுனம்மா வேகாத இட்லியத் தட்டோட தூக்கிட்டு வந்து நிக்கிது. பெரிய டீச்சர் ஊக்க வாயில கடிச்சுகிட்டு, கொசுவத்த ஒரு கையில பிடிச்சுகிட்டு ஓடி வந்தாங்க. ஊக்க எடுத்துட்டு முதல் வார்த்த, "தாளாளர் ஐயாவுக்கு என்ன ஆச்சு?"ன்னாங்க. கண்ணுல தண்ணி வேற.

"ஒண்ணும் ஆகல டீச்சர். மணி ஒன்பது ஆச்சு"ன்னேன்.

"அதுக்கு?"ன்னாங்க.

ஆபீஸுக்குள்ள போயி வருகைப் பதிவேட்ட எடுத்தாந்து, பக்கத்தத் தொறந்து, பேனாவையும் நீட்டினேன். செகப்பு பேனா. ஆபீஸ்ல வேற பேனா இருந்துச்சுதான், என் கைக்கு அதான் கெடச்சுது.

அன்னிலேருந்து புடிச்சுது சனியன். ஊரு முழுக்க லேட்டு. புள்ளைங்க லேட்டு, டீச்சருங்க லேட்டு. சட பின்னாத தலையோட பொம்பளப் புள்ளைங்க ஓடி வருதுங்க. சரி, நாலு நாள்ல பழகிடுவாங்கன்னு பாத்தேன். பழகல சார். ஏன்னா அவங்க அதே வீட்டுல, அதே அடுப்படியில, அதே கடிகாரத்தோட இருக்காங்க. நான் மட்டும்தான் முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கேன். ஊரையே தூக்கிட்டுப் போயி பெரம்பலூர்ல வெக்க முடியுமா?

என்னைத்தான் திட்டினாங்க. பவுனம்மா எனக்கு இட்லி கெடையாதுன்னுடுச்சு. ராவுத்தர் கடையில டீ கேட்டா, "வெளியூர்க்காரங்களுக்கு இல்ல"ங்கறாரு. பத்தொன்பது வருஷமா தப்பா அடிச்சப்ப ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னதில்ல சார். சரியா அடிக்க ஆரம்பிச்சதும் நான் திமிரு பிடிச்சவனாம். பெத்தவங்க கூட்டம் போட்டு தாளாளர்கிட்ட எழுதியே குடுத்துட்டாங்க: பள்ளி மணியைப் பழைய நேரத்துக்கே அடிக்க வேண்டும், மருதையன் தன் இஷ்டத்துக்கு அடிக்கிறார்னு. நாப்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து யாரு தெரியுமா? வேணாம், பெரிய டீச்சர் வயசுல மூத்தவங்க.

நான் அசரல. அறுபத்திரண்டு வேல நாள் சார். ஒரு நாள் செகப்பு மை இல்ல. இடையில ஒரே ஒரு நாள் வண்டியிலயே கண்ணசந்து அடுத்த ஊருக்குப் போயிட்டேன். வரப்பு வழியா ஓடிவந்து எட்டு அம்பத்தெட்டுக்கு மரத்தப் புடிச்சேன். அத யாரும் பாக்கல. அம்சவல்லிகிட்ட மட்டும் சொன்னேன். அதுக்கு மறுநாள்லேருந்து அவளுக்கு என் மேல இன்னும் பிரியம் ஜாஸ்தியாயிடுச்சு. தினம் சரியா வண்டி ஆத்துப் பாலத்துல ஏறறப்ப போன் பண்ணுவா. பாலத்துக்கு அடுத்தது எங்க ஸ்டாப்பு. "என்னங்க, முழிச்சிருக்கீங்களா?"ம்பா. புதுசாக் கட்டினவ மாதிரி.

இப்ப நல்ல விஷயத்துக்கு வரேன். சட்டையப் பாத்தீங்களா? இஸ்திரி போட்டது. ஏன்னு கேளுங்க. பொங்கல் முடிஞ்சுது, கெடுவும் முடிஞ்சுது. முந்தாநேத்து பெரிய டீச்சர் கூப்புட்டு, "மருதையன், வியாழக்கெழம நல்ல சட்டை போட்டுகிட்டு வாங்க. மணி விஷயமா தாளாளர் ஐயா வர்றாரு. போட்டோ எடுப்பாங்க"ன்னாங்க. இன்னிக்கி வியாழன். முகத்த மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி வெச்சிருந்தாங்க, கையெழுத்துப் போட்டவங்களாச்சே, சங்கடமா இருக்கும். நான் மனசுல வெச்சுக்கல. பொன்னாடை போத்துவாங்கன்னு நெனைக்கிறேன். பத்தொன்பது வருஷம் அடிச்ச கைக்கு ஒரு துண்டு போத்தினா என்ன கொறஞ்சு போகுது? அம்சவல்லிகிட்ட சொன்னேன். "போட்டோவுல கண்ண மூடிடாதீங்க"ன்னா.

அட, நானே பேசிகிட்டு வரேன். உங்கள ஒரு வார்த்த பேச விடல. எங்க எறங்கணும்னு கேட்டேன், அதுக்குக்கூட நீங்க பதில் சொல்லல. பாலம் வரப் போகுது. சொல்லுங்க, எங்க?

பூவாலங்குறிச்சியா?

எங்க ஊருக்கா? யாரு வீட்டுக்கு? எனக்குத் தெரியாத வீடு கெடையாதே அங்க. ஏன் சார் முழிக்கிறீங்க? பொட்டிய ஏன் திருப்பறீங்க? அதுல என்னமோ சீட்டு ஒட்டியிருக்கு. இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். கொஞ்சம் இப்படித் திருப்புங்க.

தலைமையாசிரியர்... உயர்நிலைப் பள்ளி... பூவாலங்குறிச்சி.

தானியங்கி மணி. ஒன்று.

ஏன் சார் முன்னாடியே சொல்லல? ஒண்ணரை மணி நேரமா கேட்டுகிட்டே வந்தீங்களே. சரி, நான் எங்க சொல்ல விட்டேன்.

நீங்கதான் மாட்டப் போறீங்களா? என்ன சொன்னாங்க உங்ககிட்ட? மணியால ஊருக்குள்ள சண்ட, ஆளு அடிச்சாத்தானே சண்ட, மிஷினா இருந்தா யாரும் சண்டைக்குப் போக முடியாதுன்னா? தாளாளரே சொன்னாரா? ம். செகப்பு மை விழுந்தாத்தான் வாங்குவேன்னாரு சார். என்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. அறுபத்திரண்டு நாள்.

ஒன்பது மணிக்கு முன்னாடி மாட்டிடணுமா. முதல் மணிய தாளாளர் பொத்தான அமுக்கித் தொடங்கி வெக்கிறாரா. போட்டோ அதுக்கா.

இருங்க, போன் அடிக்குது. பாலம் வந்துடுச்சு.

சொல்லு... முழிச்சிட்டுதான் இருக்கேன்... ஒண்ணுமில்ல, சளி பிடிச்சிருக்கு, அதான் குரல் இப்படி... பக்கத்துல ஒரு சார், பேசிகிட்டே வந்தோம், தூங்கவே இல்ல... கண்ண மூட மாட்டேன். சரி. வெச்சிடு.

அவகிட்ட சொல்ல முடியல சார். திருந்தாம இருந்திருந்தா ஒரு செகப்பு மையில போயிருக்கும், ஆமா நான் சோம்பேறிதான்னு ஒத்துகிட்டிருப்பேன். திருந்தினப்பறமும் போகுதுன்னா யார்கிட்ட போய் நான் கேப்பேன்? உங்கமேல கோவமில்ல. உங்க வேல இது. நல்லா மாட்டுங்க. மழ தண்ணி படாத எடமா மாட்டுங்க, அந்த ஆபீஸ் சுவரு ஒழுகும். பொட்டியக் குடுங்க, நான் எறக்கறேன். இவ்வளவு லேசா இருக்கு. எங்க தண்டவாளத்தத் தூக்க ரெண்டு ஆளு வேணும்.

ஒரு உதவி பண்ணுவீங்களா சார்?

நாளையிலேருந்து அது அடிக்கட்டும். இன்னிக்கி ஒரு நாள் ஒன்பது மணிய நான் அடிச்சுக்கறேன். சரியா ஒன்பது. பத்தொன்பது வருஷத்துல அறுபத்திரண்டு நாள்தான் சரியா அடிச்சிருக்கேன், இன்னும் ஒண்ணு சேத்துக்கறேன். நீங்க மட்டும் கொஞ்சம் லேட்டா வாங்க. ரொம்ப வேணாம். ஒன்பது நிமிஷம்.

எறங்கினதும் எடது பக்கம் ராவுத்தர் கடை. டீ நல்லா இருக்கும். அதுக்கு எதிர்ல பவுனம்மா. நாலு இட்லி சாப்புடுங்க, இன்னும் ரெண்டு வாங்கிக்கங்க, இதோ இருக்குற பள்ளிக்கூடம்தானே, எங்க ஓடிடப் போகுது? ரெண்டு கடையிலயும் என் பேர மட்டும் சொல்லிடாதீங்க, ஒண்ணும் கெடைக்காது. ஒன்பது அஞ்சுக்கு அரியலூர் பஸ்ஸு கிறீச்சுன்னு பிரேக் போடும். அப்ப எந்திரிச்சீங்கன்னா சரியா வந்து சேந்துடலாம். எனக்கு நல்லாத் தெரியும் சார் அந்தக் கணக்கு.

ஏன் லேட்டுன்னு தாளாளர் கேட்டா என்ன சொல்றதா? அதுக்கா யோசிக்கிறீங்க? என்கிட்ட முப்பத்தோரு காரணம் இருக்கு. ஸ்டாப்பு வர்றதுக்குள்ள சொல்றேன், உங்களுக்குப் பிடிச்சது ஒண்ண எடுத்துக்கங்க.